மடல், அலர், இற்செறிப்பு: செல்பேசிக் காலத்துப் பதின்ம வயது

தமிழில் மடல் என்னும் சொல் பல பொருள்களைச் சுமந்து வந்திருக்கிறது. பனையின் கருக்குமட்டை மடல். தாழம்பூவின் இதழ் மடல். எழுதி அனுப்பும் ஓலையும் மடல்தான். இணையத்தில் தமிழ் எழுதப் புகுந்த முதல் தலைமுறை ஈமெயிலுக்கு மின்மடல் என்று பெயர் சூட்டியபோது நான்காவது பொருளொன்றும் இவ்வரிசையில் சேர்ந்துகொண்டது. இக்கட்டுரை பேச முனைவது மின்மடலின் வழித்தோன்றலான, இன்னும் தமிழ்ப்பெயர் நிலைபெறாத ஒரு வழக்கத்தைப் பற்றி. பதின்ம வயதினர் தம் அந்தரங்கப் படங்களையும் சொற்களையும் செல்பேசி வழியே ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்வதை ஆங்கிலத்தில் செக்ஸ்டிங் என்கிறார்கள். 2005 வாக்கில் பத்திரிகைகளில் தலைகாட்டிய அச்சொல் 2012இல் மெரியம் வெப்ஸ்டர் அகராதிக்குள் நுழைந்தது. நம்மூர் ஆசிரியர் அறைகளில் அது ‘அந்த மாதிரிப் படம்’ என்ற மூன்று சொற்களால் குறிக்கப்படுகிறது. குரலைத் தாழ்த்திச் சொல்லப்படுவதால் அச்செயல் புதியது என்றும், நம் பண்பாட்டுக்கு வெளியிலிருந்து வந்தது என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

இந்த எண்ணத்தோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டே வரும். அனுப்புகிற பிள்ளைகள் ஒரு வகை, அனுப்பாத பிள்ளைகள் வேறொரு வகை; முன்னவர்கள் வளர்ப்பு சரியில்லாதவர்கள், பின்னவர்கள் நம் வீட்டுப் பிள்ளைகள் என்பது அந்த நம்பிக்கை. இந்தப் பிரிவினை உண்மைதானா? யார் அனுப்புகிறார்கள், யார் அனுப்புவதில்லை என்ற கணக்கை எடுத்துப் பார்த்தவர்கள் என்ன கண்டார்கள்? அந்தக் கணக்கைத் தேவாரம் திருப்புக்கொளியூர் என்றழைத்த அவிநாசியில், பனியன் கம்பெனிகளும் நூற்பாலைகளும் சூழ்ந்த இந்த மண்ணில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? எனக்கு முன் அமரும் முதலாண்டு மாணவர்கள் பலர் கல்லூரி திறக்கும்போது சட்டத்தின் கண்ணில் குழந்தைகள். அடுத்த பொங்கலுக்குள் வாக்காளர்கள். அந்தச் சில மாதங்களின் விளிம்பில் நின்று பாடம் நடத்துகிறவனுக்கு இந்தக் கேள்விகளைத் தள்ளிவைக்க இயலாது.

*

முதலில் எண்கள். 2009இல் அமெரிக்காவின் பியூ ஆய்வு மையம் 12 முதல் 17 வயது வரையிலான 800 பேரிடம் தொலைபேசி வழியே ஓர் ஆய்வை நடத்தியது. அமண்டா லென்ஹார்ட் எழுதிய அதன் அறிக்கை அவ்வாண்டு டிசம்பரில் வெளிவந்தது. செல்பேசி வைத்திருந்த பதின்ம வயதினருள் 4 விழுக்காட்டினர் அப்படியொரு படத்தை அனுப்பியிருந்தனர். 15 விழுக்காட்டினருக்கு அப்படியொரு படம் வந்திருந்தது. அனுப்பியோரில் ஆண், பெண் என்ற வேறுபாடு இல்லை. வயது வேறுபாடு இருந்தது. 17 வயதினரில் 8 விழுக்காட்டினர் அனுப்பியிருந்தனர், 30 விழுக்காட்டினருக்கு வந்திருந்தது.

அந்த அறிக்கையில் என்னை நிறுத்திவைத்த எண் வேறொன்று. செல்பேசிச் செலவு முழுவதையும் தாமே கட்டுகிற பிள்ளைகளில் 17 விழுக்காட்டினர் அனுப்பியிருந்தனர். செலவைப் பெற்றோர் ஏற்கிற அல்லது பகிர்ந்துகொள்கிற பிள்ளைகளில் அனுப்பியவர்கள் 3 விழுக்காட்டினர்தாம். இதை ஒழுக்கத்தின் அளவுகோலாகப் படிக்க இயலாது. கருவி யாருடையது, அதைத் திறந்து பார்க்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைச் சொல்லும் எண் இது. தன் காசில் வாங்கிய செல்பேசி தன் அறைபோல. அதற்குள் நுழைகிறவர் கதவைத் தட்டவேண்டும். அப்பன் வாங்கித் தந்த செல்பேசி கூடத்து மூலைபோல. யாரும் எப்போதும் எட்டிப் பார்க்கலாம்.

பின்னாளில் ஆய்வுகள் பெருகின. 2018இல் ஷெரி மடிகனும் உடன் ஆய்வாளர்களும் 39 ஆய்வுகளை, 1,10,380 பேரின் விடைகளை, ஒன்றுசேர்த்துக் கணித்தார்கள். 18 வயதுக்குட்பட்டோரில் 14.8 விழுக்காட்டினர் அனுப்பியிருந்தனர், 27.4 விழுக்காட்டினர் பெற்றிருந்தனர். வயது ஏற ஏற எண்ணிக்கை ஏறியது. அங்கும் ஆண், பெண் வேறுபாடு இல்லை. ஆனால் தமக்கு வந்த படத்தை அனுப்பியவரின் இசைவின்றி மூன்றாமவருக்குக் கைமாற்றியவர்கள் 12 விழுக்காட்டினர். 2016க்கும் 2020க்கும் இடையிலான ஆய்வுகளைத் திரட்டி 2022இல் வெளியான அடுத்த தொகுப்பாய்வில் அனுப்பியோர் 19.3 விழுக்காடாகவும் பெற்றோர் 34.8 விழுக்காடாகவும் இசைவின்றிக் கைமாற்றியோர் 14.5 விழுக்காடாகவும் இருந்தனர்.

ஆக, ஐந்து பிள்ளைகளில் ஏறத்தாழ ஒருவர் அனுப்புகிறார். மற்ற நால்வரும் வேறொரு கிரகத்தில் பிறந்தவர்கள் அல்லர். அவர்களைப் பிரிக்கிற கோடு முதன்மையாக வயதின்மீதும் கருவியின் உடைமையின்மீதும் ஓடுகிறது. பால் வேறுபாட்டின் கோடோ அனுப்புகிற இடத்தில் தோன்றாமல், அனுப்பிய பிறகு நடப்பவற்றில்தான் தோன்றுகிறது. இது மேலைநாட்டு எண்களிலிருந்து கிடைக்கும் பாடம். நம் நாட்டின் குடும்பநலக் கணக்கெடுப்புகள் இந்தக் கேள்வியைக் கேட்பதே இல்லை. ஆனால் கருவி யாருடையது என்ற கேள்வியை அவையும் கேட்கின்றன. அங்கிருந்து நாம் நடக்கலாம்.

*

அதற்குமுன் ஒரு வரலாற்று உண்மையை நினைவில் கொள்ளவேண்டும். பதின்ம வயது என்பதே நம்மிடம் அண்மையில் உருவான பருவம். சிலப்பதிகாரத்தில் மணமேடை ஏறும் கண்ணகிக்கு வயது 12, கோவலனுக்கு 16. காவிய மரபை விட்டுச் சட்டத்துக்கு வந்தாலும், 1860இன் இந்தியத் தண்டனைச் சட்டம் ஒரு பெண் உடலுறவுக்கு இசைவு தரும் வயதை 10 என்று வகுத்தது. 1891இல் பெரும் கூச்சலுக்கிடையே அது 12 ஆனது, 1925இல் 14, பின்னர் 16, 2012இல் போக்சோ சட்டத்தால் 18. திருமண வயதை 1929இன் சாரதா சட்டம் பெண்ணுக்கு 14 என்றும், 1978இன் திருத்தம் 18 என்றும் வைத்தன. ஒன்றரை நூற்றாண்டில், பூப்புக்கும் திருமணத்துக்கும் இடையே முன்பு இல்லாத ஒரு வெளி திறந்தது. அந்த வெளியைப் பள்ளிக்கூடம் நிரப்பியது, கல்லூரி நிரப்பியது, எங்கள் பகுதியில் பனியன் கம்பெனியும் நிரப்பியது.

2019-21இன் தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 20 முதல் 24 வயதுப் பெண்களுள் 18க்குமுன் மணமுடிக்கப்பட்டோர் 12.8 விழுக்காடு. அதாவது நம் பிள்ளைகளுள் மிகப் பெரும்பான்மையினர் உடலால் வளர்ந்து, உறவால் தனித்து, ஐந்தாறு ஆண்டுகளேனும் காத்திருக்கிறார்கள். இந்தக் காத்திருப்பு நாம் போராடிப் பெற்ற நன்மை. காத்திருக்கிறவர்களுக்கு ஆசை இருக்காது என்று நாமாக எண்ணிக்கொண்டதற்கு மட்டும் எந்தச் சட்டத்திலும் ஆதாரம் இல்லை.

ஆசையைச் சொல்ல ஒரு கருவி வேண்டும். முன்பு அது எழுத்து. 1951ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இந்தியாவில் எழுதப் படிக்கத் தெரிந்த ஆண்கள் 27.16 விழுக்காடு, பெண்கள் 8.86 விழுக்காடு. காதல் கடிதம் என்ற பொருளைச் சுற்றி நம் திரைப்படங்களும் தொடர்கதைகளும் ஓர் உலகத்தையே கட்டியிருக்கின்றன. அந்த உலகத்துக்குள் நுழைய எழுத்து தெரிய வேண்டும், அஞ்சல்தலைக்குக் காசு வேண்டும், பிறர் கண்ணில் படாமல் கடிதத்தைப் பெற ஒரு முகவரி வேண்டும். மூன்றும் வாய்த்தவர்கள் சிலரே. எழுதியவர்கள், எழுதாதவர்கள் என்று அன்று ஒரு கணக்கு எடுத்திருந்தால் அதுவும் எழுத்தறிவின் கணக்காகவும் உடைமையின் கணக்காகவுமே இருந்திருக்கும். கற்பின் கணக்காக இருந்திருக்காது.

எழுதத் தெரிந்தவளான மாதவியை எண்ணிப் பாருங்கள். வேனிற்காதையில் அவள் தாழம்பூ மடலில், பித்திகை அரும்பை எழுதுகோலாக்கி, செம்பஞ்சுக் குழம்பு தொட்டு எழுதி வசந்தமாலையிடம் கொடுத்தனுப்புகிறாள். கோவலன் அதை வாங்க மறுத்துவிடுகிறான். அவளது இரண்டாவது மடல் கோசிகமாணி வழியே மதுரை போகும் பாதையில் அவனை அடைகிறது. படித்து, அவள்மீது குற்றமில்லை என்றுணர்ந்து, அதே மடலைத் தன் பெற்றோரிடம் சேர்ப்பிக்கச் சொல்லித் திருப்பியனுப்புகிறான். அதன் சொற்கள் அவர்களுக்கும் பொருந்தும் என்பது அவன் காரணம். கோவலனிடம் அங்கே தீய நோக்கம் இல்லை. ஆயினும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். ஒருத்தி ஒருவனுக்கென எழுதியது, அவளைக் கேளாமலே மூன்றாமவர் கைக்குப் போகிறது. மடல் கையைவிட்டு நீங்கிய கணத்தில் அதன்மீது எழுதியவளுக்கு உரிமை இல்லாமல் போகிறது. 12 விழுக்காடு, 14.5 விழுக்காடு என்று ஆய்வாளர்கள் எண்ணுவது இந்தக் கணத்தைத்தான்.

*

இனி அவிநாசிக்கு வருவோம். 2009இல் திருப்பூர் தனி மாவட்டமாகும்வரை கோவை மாவட்டத்திலிருந்த வட்டம் இது. பருத்தியும் சோளமும் விளைந்த மேட்டு நிலம். 1970களின் பிற்பகுதியில் பனியன் வெளிநாட்டுக்குப் போகத் தொடங்கியது. 1990இல் ஏற்றுமதியாளர் சங்கம் உருவானது. 2005 ஜனவரி 1 அன்று உலகத் துணி வணிகத்தின் ஒதுக்கீட்டு முறை ஒழிந்தபோது திருப்பூருக்கும் அவிநாசிக்கும் பெருமாநல்லூருக்கும் இடையே காடுகள் கட்டடங்களாயின. கேமரா வைத்த செல்பேசி நடுத்தரக் குடும்பங்களின் கைக்கு எட்டியதும் ஏறத்தாழ அதே ஆண்டுகளில்தான். இவ்விரண்டும் சந்தித்த ஊர் இது.

இங்கே 16, 17 வயது என்பது ஒரே பருவம் அன்று. ஒரே ஊரில் நான்கைந்து பதின்ம வயதுகள் உண்டு. மெட்ரிக் பள்ளியில் படிக்கும் ஏற்றுமதியாளர் வீட்டுப் பிள்ளைக்குத் தனி அறையும் தனிச் செல்பேசியும் உண்டு. அரசுப் பள்ளி மாணவிக்கு வீட்டிலுள்ள ஒரே செல்பேசி. அதுவும் அண்ணன் வேலை முடிந்து வந்தபின். பத்தாம் வகுப்போடு நின்று கைமடியாகவோ பிசிறு வெட்டவோ போகிற பையனுக்குச் சனிக்கிழமை சம்பளம். அவன் முதலில் வாங்குவது செல்பேசி. ஒடிசாவிலிருந்தோ பீகாரிலிருந்தோ வந்து லைன் வீட்டில் எட்டுப் பேரோடு தங்கியிருக்கும் சிறுவனுக்கும் அதுவே ஊர், அதுவே உறவு. நூற்பாலை விடுதியில் இருக்கும் பெண்ணின் நிலை இவர்கள் எல்லாரிடமிருந்தும் வேறு.

அந்த விடுதிகளைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். சுமங்கலித் திட்டம் என்றும் கேம்ப் கூலி என்றும் பெயர்பெற்ற முறையில், தென் மாவட்டங்களிலிருந்தும் உள்மாவட்டங்களிலிருந்தும் பதின்ம வயதுப் பெண்கள் மூன்றாண்டு ஒப்பந்தத்தில் ஆலைகளுக்கு அழைத்துவரப்பட்டார்கள். ஒப்பந்த முடிவில் மொத்தமாகத் தரும் பணம் திருமணத்துக்கு ஆகும் என்பது அதன் கவர்ச்சி. 2011இல் வெளிவந்த ‘கேப்சர்டு பை காட்டன்’, 2014இல் வெளிவந்த ‘பிளாட் பேப்ரிக்ஸ்’ ஆகிய அறிக்கைகள் அவ்வாழ்க்கையின் கட்டுப்பாடுகளை உலகத்துக்குச் சொல்லின. ஆலை வளாகத்தைவிட்டுத் தம் விருப்பப்படி வெளியே போக முடியாது. பல விடுதிகளில் சொந்தமாகச் செல்பேசி வைத்துக்கொள்ள அனுமதியும் இல்லை. வெளிநாட்டுக் கணக்கெடுப்பாளர் ஒருவர் அங்கே வந்து கேள்வித்தாளை நீட்டினால், அனுப்பாதோர் பட்டியலில் அத்தனை பெண்களும் இடம்பெறுவர். அவர்களது அனுப்பாமையை எந்த நெறிக்குச் சான்றாகக் காட்டுவது? ஒரு படத்தை அனுப்பாமலிருப்பது நற்பண்பாக வேண்டுமென்றால் அனுப்பும் வாய்ப்பும் அனுப்ப மறுக்கும் உரிமையும் முதலில் இருக்கவேண்டும்.

இப்போது நம் நாட்டு எண்களுக்கு வருவோம். 2019-21இன் கணக்கெடுப்பில், தாமே பயன்படுத்தும் செல்பேசி வைத்திருந்த பெண்கள் இந்திய அளவில் 53.9 விழுக்காடு, தமிழகத்தில் 74.6. நாம் முன்னேறியே இருக்கிறோம். ஆனால் அதில் 15 வயதுப் பெண்ணும் 49 வயதுப் பெண்ணும் ஒன்றாக எண்ணப்பட்டிருக்கிறார்கள். 14 முதல் 18 வயது வரையிலான ஊரகப் பிள்ளைகளை மட்டும் கேட்ட 2023ஆம் ஆண்டு அசர் அறிக்கை நெருங்கிய படத்தைத் தருகிறது. ஸ்மார்ட்போனைக் கையாளத் தெரிந்தவர்களுள், அதைத் தமக்கெனச் சொந்தமாக வைத்திருந்தவர்கள் ஆண்களில் 43.7 விழுக்காடு, பெண்களில் 19.8 விழுக்காடு. சமூக ஊடகங்களைப் பயன்படுத்தியோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத்தான், ஒருவரைத் தடைசெய்வது எப்படி, தம் பக்கத்தை அன்னியர் பார்க்காமல் மறைப்பது எப்படி என்பன போன்ற பாதுகாப்பு வழிகள் தெரிந்திருந்தன. அதிலும் பெண்களே பின்தங்கியிருந்தனர்.

இந்த இரு வரிகளையும் சேர்த்துப் படித்தால் நம் சமூகம் தன் பெண்களைக் காக்கத் தேர்ந்த முறை புலப்படும். கருவியைக் கொடுக்காதே, கொடுத்தாலும் அதன் பூட்டு எங்கே இருக்கிறதென்று சொல்லாதே. 2020இல் பெருந்தொற்றுக் காலத்து இணைய வகுப்புகள் இந்தத் தடையைச் சில மாதங்களுக்கு உடைத்தன. படிப்புக்கென்று வாங்கிய செல்பேசி வீட்டுக்குள் வந்தது. அதன் பூட்டைப் பற்றிய பாடம் மட்டும் எந்த இணைய வகுப்பிலும் முறையாக நடத்தப்படவில்லை.

*

அமெரிக்க ஆய்வுகள் கேட்காத ஒரு கேள்வி எங்கள் மண்ணில் உண்டு. அனுப்பியவரும் பெற்றவரும் என்ன சாதி என்பது அக்கேள்வி. 2015இல் திருச்செங்கோட்டிலிருந்து கடத்தப்பட்ட கோகுல்ராஜின் உடல் தண்டவாளத்தில் கிடந்தது. 2016 மார்ச் 13 அன்று இதே திருப்பூர் மாவட்டத்தின் உடுமலைப்பேட்டையில், பட்டப்பகலில் பேருந்து நிலையத்தருகே சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். இவை அந்தரங்கப் படங்கள் தொடர்பான வழக்குகள் அல்ல. ஆனால் இருவர் பழகுகிறார்கள் என்ற செய்தியே ஓர் உயிரின் விலையாகக்கூடிய நிலத்தில், ஒரு செல்பேசிக்குள் இருக்கும் சாதாரணப் படம்கூட எவ்வளவு பாரமானது என்பதை இவை சொல்லும். பாஸ்டனில் ஒரு படம் கசிந்தால் அவமானம். கொங்கு நாட்டில் அது கொலைக்கான ஆதாரமாக வாசிக்கப்படலாம். ஆகவே இங்கே அனுப்புவோர், அனுப்பாதோர் என்ற கணக்கில் வயதோடும் உடைமையோடும் அச்சத்தையும் ஒரு பத்தியாகச் சேர்த்தாக வேண்டும்.

*

இந்த அச்சத்துக்குப் பழந்தமிழில் பெயர் உண்டு. களவுக் காதலைப் பற்றி ஊரார் வாய்க்குள் முணுமுணுப்பது அம்பல். அது விரிந்து ஊரெல்லாம் பேசுவது அலர். அம்பல் அரும்பு, அலர் மலர். திருக்குறளில் நாணுத்துறவுரைத்தல் 114ஆம் அதிகாரம், அலரறிவுறுத்தல் 115ஆம் அதிகாரம். முதலாவதில் மடல் வருகிறது, இரண்டாவதில் ஊர்ப்பேச்சு வருகிறது. இவ்வரிசை தற்செயலாக அமைந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

மடலேறுதல் என்றால் என்ன? விரும்பியவளை அடைய இயலாத தலைவன் பனங்கருக்கால் செய்த குதிரையில் ஏறி, எருக்கம்பூ சூடி, அவள் உருவம் தீட்டிய கிழியைக் கையிலேந்தி ஊர்த்தெருவில் வருவது. கிழி என்பது துணியில் எழுதிய படம். ஊரார் அதைப் பார்த்து அவள் இன்னாள் என்று அறிவர். வேறு வழியின்றி உறவினர் அவளை அவனுக்குக் கொடுப்பர். சங்கப் பாடல்களில் பெரும்பாலும் அவன் ஏறுவதில்லை. ஏறுவேன் என்று தோழியிடம் சொல்கிறான். ஆற்றாமையின் உச்சம் என்று உரையாசிரியர்கள் இதை விளக்குவார்கள். நாங்களும் வகுப்பில் அப்படியே விளக்குகிறோம். தலைவியின் பக்கத்திலிருந்து பார்த்தால் இது வேறொன்றாகவும் தெரியும். அவளைக் கேளாமல் அவள் படத்தைத் தெருவில் காட்டுவேன் என்னும் அச்சுறுத்தல் அது.

தொல்காப்பியம் எந்நிலையிலும் பெண் மடலேறுவதில்லை என்று விதிக்கிறது. வள்ளுவரும் கடலளவு காமம் உற்றாலும் பெண் மடலேறாததைப் பெருமையாகவே சொல்கிறார். திருமங்கையாழ்வார் சிறிய திருமடலிலும் பெரிய திருமடலிலும் பெண்குரலில் இவ்விதியை மீறியது பக்தியின் பெயரால்தான். ஆகப் படத்தைத் தெருவுக்குக் கொண்டுவரும் உரிமை ஆணுக்கும், தெருவில் வந்த படத்தின் பழி பெண்ணுக்கும் என்று இலக்கணம் வகுத்த மரபு நம்முடையது. அனுப்புவதில் ஆணும் பெண்ணும் சமமாக இருந்தும், பழியில் சமமாக இல்லாதது ஏன் என்று வியப்பவர்கள் இங்கே தொடங்கலாம்.

ஆனால் அதே தொல்காப்பியம் இன்னொரு விதியும் சொல்கிறது. அகப்பாடலில் எவர் பெயரையும் சுட்டிச் சொல்லலாகாது. ஆசையைப் பாடலாம், பிரிவைப் பாடலாம், ஊடலைப் பாடலாம். இன்னார் என்று சொல்லக்கூடாது. உணர்வு எல்லார்க்கும் உரியது, முகவரி அந்த இருவர்க்கு மட்டும் உரியது என்பதே அதன் உள்ளுறை. அந்தரங்கம் என்பது மேலைநாட்டிலிருந்து நமக்கு இறக்குமதியானது என்று சொல்வோர், இந்த ஒரு விதியை எண்ணிப் பார்க்கவேண்டும்.

*

சட்டம் இந்த வழியை எப்படிக் கடந்தது? 2004 இறுதியில் டெல்லியின் புகழ்பெற்ற பள்ளியொன்றின் மாணவன் தன் செல்பேசியில் எடுத்த காட்சித்துணுக்கு, நண்பர்கள் கைமாற்றி, ஐ.ஐ.டி. மாணவர் ஒருவரால் பாசி டாட் காம் என்ற ஏலத்தளத்தில் விற்பனைக்கு வைக்கப்பட்டது. விலை 125 ரூபாய். டிசம்பரில் அத்தளத்தின் தலைவர் அவ்னிஷ் பஜாஜ் கைதானார். இரு பதின்ம வயதினருக்கிடையே நிகழ்ந்தது, அலைபேசி யுகத்தில் நாடு கண்ட முதல் பேரலராயிற்று. அதன் அதிர்வில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2008இல் திருத்தப்பட்டு 2009 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதன் 67பி பிரிவு, சிறாரைப் பாலியல் நோக்கில் காட்டும் படங்களை உருவாக்குவதையும் பரப்புவதையும் குற்றமாக்குகிறது. முதல் முறைக்கு 5 ஆண்டு வரை சிறை, 10 லட்ச ரூபாய் வரை அபராதம். தேவையான சட்டம்தான். ஆனால் தன் படத்தைத் தானே எடுத்த 16 வயதுப் பிள்ளைக்கு அதில் தனி விலக்கு எழுதப்படவில்லை. குற்றத்துக்கு ஆளானவரும் குற்றத்தைச் செய்தவரும் ஒரே ஆளாக இருக்கக்கூடிய விந்தை அங்கே பிறந்தது.

நீதிமன்றங்கள் இந்த முடிச்சை உணர்ந்தே வந்திருக்கின்றன. 2019 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி வி. பார்த்திபன், 16 வயதுக்கு மேற்பட்டோரின் இசைவான உறவுகளை வேறாகக் கருதுமாறு சட்டத்தைத் திருத்தலாம் என்று பரிந்துரைத்தார். 2021 ஜனவரியில் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், பதின்ம வயதுக் காதலைத் தண்டிப்பது போக்சோவின் நோக்கமன்று என்று கூறி ஒரு வழக்கையே நீக்கினார். மறுபுறம், சிறார் படங்களைத் தன் செல்பேசியில் வைத்திருந்த சென்னை இளைஞர் ஒருவர்மீதான வழக்கை உயர் நீதிமன்றம் 2024 ஜனவரியில் நீக்கியது. அவ்வாண்டு செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வைத்திருப்பதும் குற்றமே என்று தெளிவாக்கியது. இவற்றைச் சேர்த்துப் பார்த்தால் சட்டம் தேடும் கோடு எதுவென்று புரிகிறது. இசைவுக்கும் சுரண்டலுக்கும் இடையில் ஓடுகிற கோடு அது. பிள்ளைகளை அனுப்பியோர், அனுப்பாதோர் என்று பிரிக்கும் கோடு அதற்கு உதவாது.

பொள்ளாச்சி நம் அண்டை ஊர். பழகுவதுபோல் நெருங்கி, படமெடுத்து, அதைக் காட்டி மிரட்டிய கும்பலின் கதை 2019 தொடக்கத்தில் வெளியே வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை சிறைத்தண்டனை அளித்தது. இடையில் நடந்த ஒன்றை மறக்கலாகாது. வழக்கை மத்தியப் புலனாய்வுக்கு மாற்றிய அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் இடம்பெற்றுவிட்டது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதைக் கண்டித்து, அவருக்கு 25 லட்ச ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. பெயர் சுட்டாதே என்ற விதி நம் மரபில் இரண்டாயிரம் ஆண்டுப் பழமை உடையது. அரசு அலுவலகத்துக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை. 2016இல் சேலம் மாவட்டத்தில் இளம் பட்டதாரிப் பெண் ஒருவர், தன் முகத்தை வேறோர் உடலோடு ஒட்டிப் பரப்பியதால் உயிரை மாய்த்துக்கொண்டார். அவர் எதையும் அனுப்பியவர் அல்லர். அனுப்பாதவர்கள் பாதுகாப்பானவர்கள் என்ற நம்பிக்கைக்கு அந்த மரணம் முற்றுப்புள்ளி வைத்திருக்கவேண்டும்.

*

அலர் எழுந்த வீட்டில் அடுத்து நிகழ்வது இற்செறிப்பு. தலைவியை வீட்டுக்குள் அடைத்துக் காவல் வைப்பதற்கு அகத்திணை தந்த பெயர் அது. பொள்ளாச்சிச் செய்தி வந்த நாட்களில் எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் செல்பேசி பறிக்கப்பட்டது, பெண்பிள்ளைகளிடமிருந்து. படமெடுத்து மிரட்டியவர்கள் ஆண்கள் என்பது செய்தியிலேயே இருந்தும், மகனின் செல்பேசியை வாங்கிப் பார்த்த வீடு அரிதினும் அரிது. குஜராத்தின் மெஹ்சானா மாவட்டத்துச் சூரஜ் என்ற ஊர், 2016இல் மணமாகாத பெண்கள் செல்பேசி வைத்திருக்கத் தடை விதித்து 2,100 ரூபாய் அபராதமும் அறிவித்தது. அது எங்கோ வடக்கில் என்று சிரித்துக் கடந்தோம். அறிவிப்பு இல்லாமலே அதைச் செய்கிற தெருக்கள் நம்மிடம் உண்டு.

இற்செறிப்பின் விளைவு என்ன என்பதையும் அகப்பாடல்களே சொல்லிவைத்திருக்கின்றன. இற்செறிப்புக்குப் பின் வருவது உடன்போக்கு. அடைக்கப்பட்டவள் கிளம்பிவிடுகிறாள். இன்றைய மொழியில் சொன்னால், செல்பேசி பறிக்கப்பட்ட மாணவி படிப்பையும் பாதியில் விடுகிறாள்; அல்லது மிரட்டல் வந்தபோது, செல்பேசி இருந்ததையே சொல்ல முடியாமல் ஒருவரிடமும் சொல்லாமலிருக்கிறாள். மிரட்டுகிறவனின் மூலதனம் படத்தில் பாதிதான். மறுபாதி, அவள் வீட்டில் சொல்லமாட்டாள் என்ற அவனது உறுதி. அந்த மறுபாதியை அவனுக்கு வழங்குவது நாம்.

நாம் செய்யக்கூடியது எளியது, ஆனால் கூச்சம் தருவது. வந்த படத்தைக் கைமாற்றுவதுதான் கேடு என்பதை ஆண்பிள்ளைகளுக்கு வகுப்பறையிலேயே சொல்லவேண்டும். எண்கள் சுட்டுவதும் அவ்விடத்தைத்தான். அறத்தின் கோடு அங்கேதான் விழுகிறது. மிரட்டல் வந்தால் 1098, 1930 ஆகிய எண்கள் இருக்கின்றன என்பதையும், படத்தை அனுப்பியதற்காக வீட்டில் அடி விழாது என்பதையும் பெண்பிள்ளைகள் அறிந்திருக்கவேண்டும். முன்னதை அரசு சொல்லும், பின்னதைப் பெற்றோர்தாம் சொல்லமுடியும். பனியன் கம்பெனிக் கைமடிப் பையனுக்கும் நூற்பாலை விடுதிப் பெண்ணுக்கும் இதைச் சொல்லப் பள்ளியும் இல்லை, கல்லூரியும் இல்லை; அவர்களை எட்டாத எந்த விழிப்புணர்வு முகாமும் இந்த மாவட்டத்தின் பாதிப் பதின்ம வயதை விட்டுவிட்ட முகாமே.

அகத்திணையை நடத்தும்போது அலரையும் மடலையும் தேர்வுக்குரிய துறைப்பெயர்களாக மட்டும் கடந்துபோகிறோம். தலைவியின் இடத்தில் நின்று அந்த மடலை ஒருமுறை பார்க்கச் சொன்னால் வகுப்பு அமைதியாகிவிடுகிறது. கடைசி வரிசையில் யாரோ ஒருவர் தன் செல்பேசியைத் திருப்பி மேசையில் கவிழ்த்து வைக்கிறார்.